மகளுக்கு 46 கிலோ... அம்மாவுக்கு ஒரு மருந்துக் கவர்! - வெளிநாடு கிளம்பும் பெற்றோர் கவனத்துக்கு

கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியம்மா முதன்முறையாக அமெரிக்கா கிளம்பியபோது, வீட்டுக் கூடத்தில் இரண்டு பெரிய சூட்கேஸ்கள் ஒரு வாரம் திறந்தே கிடந்தன. நியூ ஜெர்சியில் இருக்கும் அக்காவுக்கு டிசம்பரில் பிரசவம். பிரசவ லேகியம், பூண்டுப் பொடி, சுக்கு, பனங்கற்கண்டு, குழந்தைக்குத் தூளித்துணி, வசம்பு வளையல், கண்மை டப்பா, மாப்பிள்ளைக்கு முறுக்கு என்று பெட்டிகள் நிரம்பிக்கொண்டே இருந்தன. ஒரு பெட்டிக்கு 23 கிலோ. கொக்கித் தராசில் மாட்டித் தூக்கி, அரை கிலோ கூடினால் முறுக்கை எடுத்துவிட்டு லேகியத்தை உள்ளே வைத்தார் பெரியம்மா.

பெரியம்மாவுக்கு 62 வயது. 9 வருடங்களாக பிபி, 6 வருடங்களாக சர்க்கரை. அவருடைய மாத்திரைகள் எங்கே இருந்தன தெரியுமா? கைப்பையின் ஓரத்தில், மருந்துக்கடையில் கொடுத்த காகிதக் கவரில். 6 மாதம் தங்கப் போகிறவருக்கு 3 மாத மாத்திரை. டாக்டரின் சீட்டு இல்லை. "அதான் ஸ்ட்ரிப்புலயே பேர் போட்டிருக்கே தம்பி" என்றார்.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு, "இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சா?" என்று அக்கா போனில் கேட்க, அவசர அவசரமாக ஆன்லைனில் பாலிசி எடுத்துக் கொடுத்தது நான்தான். விலை குறைவானது எதுவோ அதைத் தேர்ந்தெடுத்தேன். 'ஏற்கெனவே ஏதாவது நோய் உள்ளதா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று தொட்டால் பிரீமியம் ஏறியது. 'இல்லை' என்று தொட்டேன். 10 நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது என்று பெருமையாக வேறு இருந்தது.

மார்ச் மாதம் ஒரு மாலை, அக்கா வீட்டுச் சமையலறையில் பெரியம்மா தலைசுற்றிக் கீழே விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. பிபி 210-க்கு மேல் இருந்தது. நல்லவேளையாக பக்கவாதம் இல்லை. ஓர் இரவு மருத்துவமனையில் வைத்திருந்து மறுநாள் அனுப்பிவிட்டார்கள். அங்கே டாக்டர் மாத்திரைகளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தபோதுதான் கணக்கு உதைத்தது. வந்து 4 மாதம் ஆகிறது. கொண்டுவந்தது 90 மாத்திரை. எல்லாம் தீர்ந்து போயிருக்க வேண்டும். ஆனால், இரண்டு ஸ்ட்ரிப் முழுதாக மிச்சம் இருந்தது.

பெரியம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போட்டிருக்கிறார்.

"ஊருக்கு வர்ற வரைக்கும் ஓட்டணும்ல தம்பி? அங்க டாக்டர்கிட்ட போனாலே அவ்ளோ செலவுன்னாங்க. புள்ளை பெத்தவ ராத்திரி பகலா முழிச்சுக் கெடக்குறா. அதுல நான் வேற ஒரு செலவா?" - ஊர் திரும்பிய பிறகு, காபி ஆற்றிக்கொண்டே அவர் சொன்னது இது.

பாலிசி கைகொடுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த நோய், அதையும் மறைத்திருக்கிறீர்கள் என்று கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். பில் தொகை எவ்வளவு என்று அக்கா இன்றுவரை பெரியம்மாவிடம் சொல்லவில்லை. எனக்குச் சொன்னார்.

அதன் பிறகு, வெளிநாடு போகிற பெற்றோர் உடல்நலத்துக்காக என்னவெல்லாம் தயார் செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். அன்று இரவு எனக்குத் தெரியாமல் போனவை எல்லாம் இங்கே. உங்கள் வீட்டிலும் சூட்கேஸ் திறந்து கிடந்தால், மூடுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

2 மாதங்களுக்கு முன்பே ஒரு டாக்டர் விசிட்

டிக்கெட் போட்ட கையோடு, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒருமுறை போய்விடுங்கள். கிளம்புவதற்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பு போவது நல்லது. காரணம் இருக்கிறது. மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருந்தால், அது உடம்புக்கு ஒத்துப்போகிறதா என்று ஊரில் இருக்கும்போதே பார்த்துவிடலாம். தடுப்பூசிகள் வேலை செய்யவும் கால அவகாசம் வேண்டும்.

பிபி, ரத்தச் சர்க்கரை, 3 மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி, தேவைப்பட்டால் ஈசிஜி ஆகியவற்றை டாக்டரின் ஆலோசனைப்படி பார்த்துக்கொள்ளுங்கள். சமீபத்தில் ஆபரேஷன், ஹார்ட் அட்டாக், ஸ்டென்ட் என்று ஏதாவது நடந்திருந்தால், 'எப்போதிலிருந்து விமானத்தில் பறக்கலாம்?' என்று நேரடியாகக் கேளுங்கள். பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம், சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். கிட்டத்தட்ட ஊட்டியில் 15 மணி நேரம் உட்கார்ந்திருப்பது போல. நல்ல உடம்புக்கு இது தெரியாது. இதயம், நுரையீரலில் பிரச்னை உள்ளவர்களுக்குத் தெரியும்.

பலரும் மறப்பது பல். ஆடுகிற பல், சொத்தைப் பல் இருந்தால் ஊரிலேயே பார்த்துவிடுங்கள். வெளிநாட்டில் பல் சிகிச்சைக்குச் செலவு அதிகம். பல பயண பாலிசிகளில் பல்லுக்கு முழுமையான கவரேஜும் இருக்காது. அதேபோல கண்ணாடி ஒன்று உபரியாக வேண்டும். கண்ணாடி உடைந்தால், மாத்திரைப் பெயரைக்கூடப் படிக்க முடியாது.

ஒரே ஒரு தாள்

டாக்டரிடம் அவருடைய லெட்டர்பேடில் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலத்தில், முடிந்தால் டைப் செய்து, கையெழுத்தும் சீலும் போட்டு. அதில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், என்னென்ன நோய்கள், எத்தனை வருடங்களாக, என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த வேளைக்கு, எந்த மருந்து அலர்ஜி, என்னென்ன ஆபரேஷன்கள் நடந்திருக்கின்றன.

மருந்தின் பிராண்டு பெயரை மட்டும் எழுதினால் போதாது. உள்ளே இருக்கும் வேதிப்பொருளின் பெயர், அதாவது ஜெனரிக் பெயர் வேண்டும். நம் ஊர் பிராண்டு பெயரைச் சொன்னால், அங்குள்ள மருந்தாளுநருக்கு அது புரியாது. சில மருந்துகளுக்கு ஜெனரிக் பெயரே நாட்டுக்கு நாடு மாறும். நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பார்கள். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் அங்கே அல்பியூட்டரால். சர்க்கரைக்கான கிளிபென்கிளமைடு அங்கே கிளைபியூரைடு.

இன்னொன்று. சர்க்கரைக்கும் பிபிக்கும் இரண்டு, மூன்று மருந்துகளைச் சேர்த்து ஒரே மாத்திரையாகக் கொடுப்பது நம் ஊரில் சாதாரணம். அதே கலவை அங்கே கிடைக்காமல் போகலாம். எனவே, அந்த மாத்திரைக்குள் என்னென்ன மருந்து, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

இந்தத் தாளை நான்கு இடத்தில் வையுங்கள். கைப்பையில் ஒன்று, பாஸ்போர்ட் உறையில் ஒன்று, அம்மாவின் போனில் ஒரு போட்டோ, பிள்ளையின் போனில் ஒரு போட்டோ.

மாத்திரை எத்தனை, எந்தப் பையில்?

சொந்த உபயோகத்துக்கு 90 நாள்களுக்கு மேற்படாத அளவு மருந்து கொண்டுவரலாம் என்பது அமெரிக்காவில் பொதுவான வழிகாட்டுதல். சிங்கப்பூரிலும் 3 மாத அளவுதான் கணக்கு. கிளம்பும் நாட்டின் விதி என்ன என்று அந்த நாட்டின் தூதரக இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால், 6 மாதம் தங்குகிறவர்கள் மீதி மூன்று மாதத்துக்கு என்ன செய்வது? என் பெரியம்மா செய்ததைச் செய்யக் கூடாது. போய் இறங்கிய முதல் மாதத்திலேயே, அருகில் உள்ள ஒரு டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டி, அந்த நாட்டுச் சீட்டாக எழுதி வாங்கிவிட வேண்டும். அமெரிக்காவில் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் சமூக சுகாதார மையங்கள் இருக்கின்றன. மெட்ஃபார்மின் போன்ற பழைய ஜெனரிக் மருந்துகள், சீட்டு இருந்தால், சில பெரிய சூப்பர் மார்க்கெட் மருந்தகங்களில் ஒரு மாதத்துக்குச் சில டாலர்களிலேயே கிடைக்கும். டாக்டர் கட்டணத்தையும் சேர்த்தாலும், ஓர் இரவு எமர்ஜென்சி வார்டு பில்லின் பக்கத்தில்கூட அது வராது. இந்தக் கணக்கை எங்கள் வீட்டில் யாரும் பெரியம்மாவுக்குச் சொல்லவில்லை. 'அங்கே எல்லாம் செலவு' என்பதை மட்டும் எல்லோரும் சொல்லியிருந்தோம்.

'தீர்ந்தால் கூரியரில் அனுப்பிடலாம்' என்று நம்பி இருக்காதீர்கள். மருந்துப் பார்சல் சுங்கத்தில் நின்றுவிட வாய்ப்பு உண்டு.

மருந்துகள் முழுவதும் கைப்பையில்தான் வர வேண்டும். செக்-இன் பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தாலும், உடம்பு காத்திருக்காது. மாத்திரைகளை ஸ்ட்ரிப்பிலிருந்து உதிர்த்து டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாதீர்கள். அட்டையோடு, மருந்துக்கடை பில்லோடு, டாக்டர் கடிதத்தோடு இருந்தால் விமான நிலையத்தில் கேள்வி வந்தாலும் பதில் இருக்கும்.

இன்சுலின் போடுகிறவர்கள் கூடுதல் கவனம். செக்-இன் பெட்டி போகும் சரக்குப் பகுதியில் குளிரில் இன்சுலின் உறைந்துவிடலாம். உறைந்த இன்சுலின், திரும்ப உருகி பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும், பயன்படுத்தக் கூடாது. ஊசி, பேனா, குளுக்கோமீட்டர் எல்லாமே கைப்பையில் இருக்கட்டும். 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியிலிருந்து அவசிய மருந்துகளுக்கு விலக்கு உண்டு. கடிதத்தைக் காட்டிச் சொன்னால் போதும்.

மேற்கே போகப் போக, உங்களுடைய அந்த ஒரு நாள் நீளும். கிழக்கே போனால் சுருங்கும். தினம் ஒரே நேரத்தில் போடும் இன்சுலின் கணக்கு இதில் குழம்பும். டிக்கெட்டை டாக்டரிடம் காட்டி, எந்த ஊர் நேரத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கசகசாவுக்கும் தடை உண்டு!

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிச் சரக்குகள் சில, வேறு நாடுகளில் சட்டப் பிரச்னை. உதாரணம், கசகசா. அபின் செடியின் விதை என்பதால் ஐக்கிய அரபு அமீரகத்தில் அதற்குத் தடை. சிங்கப்பூரிலும் போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் அனுமதி இல்லாமல் கொண்டுபோக முடியாது. குருமா பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் யோசியுங்கள்.

மாத்திரைகளிலும் இதே கதைதான். ட்ரமடால், கோடீன் கலந்த வலி நிவாரணிகள், இருமல் மருந்துகள், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் சில மாத்திரைகள் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. சர்க்கரை நோயாளிகளின் பாத எரிச்சலுக்கு நம் ஊரில் சர்வசாதாரணமாக எழுதித் தரும் பிரிகாபலினும் அங்கே அந்த வகையில் வருகிறது. கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால், அந்நாட்டு சுகாதார அமைச்சகத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். துபாய், அபுதாபியில் மகன் வீட்டுக்குப் போகிறவர்கள், மருந்துப் பட்டியலை ஒருமுறை சரிபார்த்த பிறகே பெட்டியை மூடுங்கள்.

பிரசவத்துக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். 2012-ல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஓர் அறிக்கை வெளியிட்டது. நியூயார்க் நகரில் 6 கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்ததற்கு, இந்தியாவில் இருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளோடு தொடர்பு இருந்தது அதில் பதிவானது. எல்லா லேகியமும் அப்படி என்று பொருள் அல்ல. ஆனால், என்ன சேர்த்திருக்கிறது என்று தெரியாத பஸ்பம், செந்தூரம், லேபிள் இல்லாத லேகியம் எதையும் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் கொடுக்க வேண்டாம். மகளைப் பார்க்கும் டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

குழந்தைக்கு வைக்கும் கண்மையிலும் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அந்த வகை மையை அமெரிக்கா அனுமதிப்பதில்லை. வசம்பை உணவில் சேர்ப்பதற்கு அங்கே 1968-லேயே தடை போட்டுவிட்டார்கள். பெரியம்மாவின் பெட்டியில் இந்த இரண்டுமே இருந்தன.

தடுப்பூசி: எந்த ஊருக்கு எது?

பேரக்குழந்தையைத் தூக்கப் போகும் தாத்தா, பாட்டிகளுக்கு முக்கியமானது டிடாப். டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது. பெரியவர்களுக்குச் சாதாரண இருமலாகத் தெரியும் கக்குவான், பச்சிளங்குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தையைப் பார்ப்பதற்குக் குறைந்தது 2 வாரங்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும். குளிர்காலத்தில் போகிறவர்கள் ஃப்ளூ தடுப்பூசியையும் டாக்டரிடம் கேளுங்கள். அதற்கும் பலன் தெரிய ஏறக்குறைய 2 வாரம் ஆகும்.

ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகள் பலவற்றுக்குப் போவதென்றால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். இதை எல்லா மருத்துவமனைகளிலும் போட மாட்டார்கள். அரசு அனுமதித்த மையங்களில்தான் உண்டு. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அவற்றில் ஒன்று. போட்டு 10 நாள்கள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 ஜூலை முதல், ஒருமுறை போட்ட சான்றிதழ் ஆயுள் முழுவதற்கும் செல்லும். முட்டை அலர்ஜி உள்ளவர்களும் 60 வயதைத் தாண்டியவர்களும் முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். அந்த நாடுகளில் இருந்து சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால், 6 நாள்கள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது.

மலேரியா உள்ள நாடுகளுக்குப் போகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரைகள் உண்டு. போவதற்கு முன்பே ஆரம்பித்து, திரும்பிய பிறகும் டாக்டர் சொல்லும் வரை தொடர வேண்டும். பாதியில் நிறுத்தினால் பலன் இல்லை. ஹஜ், உம்ரா பயணிகளுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி அவசியம். சவுதியில் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும்.

15 மணி நேரம் உட்கார்ந்தபடி...

நீண்ட நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தால், கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைய வாய்ப்பு உண்டு. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இந்த வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் சொன்னது. மொத்தத்தில் பார்த்தால் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது என்பதால் பயப்பட வேண்டாம். உடல் பருமன், வெரிகோஸ் வெயின், சமீபத்திய ஆபரேஷன், புற்றுநோய் சிகிச்சை இருந்தால் மட்டும் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். காலை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ் வேண்டுமா என்பதை அவர் சொல்வார்.

மற்றபடி, வழியோர இருக்கை கேட்டு வாங்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். 'அடிக்கடி பாத்ரூம் போகணுமே' என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கம் நம் அம்மாக்களுக்கு உண்டு. விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது. தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். பாத்ரூம் போக எழுந்து நடப்பதும் காலுக்கு நல்லதுதான். தூக்க மாத்திரை போட்டு அசையாமல் தூங்குவது வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்கள் பிஸ்கட், குளுக்கோஸ் கையில் வைத்திருங்கள். சாப்பாட்டு ட்ரே கண்ணில் பட்ட பிறகே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பது பாதுகாப்பு. மூட்டு வலி உள்ளவர்களுக்கு வீல்சேர் வேண்டும் என்றால் கூச்சப்படாதீர்கள். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ்: நான் கேட்காமல் விட்ட 4 கேள்விகள்

ஒன்று, ஏற்கெனவே உள்ள நோயால் திடீரென அவசர நிலை வந்தால் பணம் உண்டா, எவ்வளவு வரை? இரண்டு, முதலில் நம் கையில் இருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு? மூன்று, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று குறிப்பிட்ட தொகையோடு நிறுத்திக்கொள்ளும் பாலிசியா, மொத்தத் தொகை வரை தரும் பாலிசியா? நான்கு, மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டுவார்களா, நாம் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டுமா?

குறிப்பிட்ட தொகையோடு நிற்கும் பாலிசியின் பிரீமியம் குறைவாக இருக்கும். ஆனால், அமெரிக்க மருத்துவமனை பில்லில் அது ஒரு மூலைக்கும் வராது. அதைவிட முக்கியம், நோயை மறைக்காதீர்கள். பிரீமியத்தில் மிச்சமாகும் சில ஆயிரங்களுக்காக, மொத்த பாலிசியையும் வெறும் காகிதமாக்குகிறோம். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

சில நாடுகளில் இன்ஷூரன்ஸ் இல்லாமல் விசாவே கிடையாது. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். கனடாவில் பெற்றோருக்கான சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1 லட்சம் கனடா டாலர், ஒரு வருடத்துக்கு. பிரிட்டனில் அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. வார்டில் அட்மிட் ஆகிவிட்டால், சுற்றுலா விசாவில் போனவர்களிடம் அரசு நிர்ணயித்த செலவில் 150 சதவிகிதம் வசூலிப்பார்கள்.

போய் இறங்கிய பிறகு

கும்பகோணத்துக்கும் நியூ ஜெர்சிக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். தூக்கமும் பசியும் சரியாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். பகலில் வெயிலில் கொஞ்சம் நடந்தால் சீக்கிரம் சரியாகும். பனிக்காலத்தில் ரப்பர் செருப்போடு வாசலுக்குப் போகக் கூடாது. கண்ணுக்கே தெரியாத மெல்லிய பனிப்படலத்தில் வழுக்கி இடுப்பெலும்பு முறிவது பெரியவர்களுக்கு நடக்கக்கூடியதுதான். ஹீட்டர் ஓடும் வீட்டில் தோல் வறண்டு பாதம் வெடிக்கும். சர்க்கரை உள்ளவர்கள் தினம் பாதத்தைப் பார்த்து, தேங்காய் எண்ணெயாவது தடவிக்கொள்ளுங்கள்.

வீட்டில் தனியாக இருக்கும்போது ஏதாவது ஆனால்? அமெரிக்கா, கனடாவில் 911. பிரிட்டனில் 999. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112. ஆஸ்திரேலியாவில் 000. ஆம்புலன்ஸுக்கு சிங்கப்பூரில் 995, அமீரகத்தில் 998. இந்த எண்ணையும் வீட்டு முகவரியையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். லாக் ஆன போனிலிருந்து அவசர அழைப்பு போடுவது எப்படி என்று ஒருமுறை செய்து காட்டுங்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் 'தமிழ் இன்டர்பிரெட்டர்' என்று கேட்டால், பெரும்பாலும் போனிலாவது மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வார்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. வலி எங்கே என்பதை நம் மொழியில் சொல்வதுதான் சரியான சிகிச்சைக்கு முதல் படி.

தனிமையும் உடம்பைத் தாக்கும். வாசலில் நின்றால் நாலு பேர் பேசும் தெருவில் வாழ்ந்தவருக்கு, பனி மூடிய ஜன்னல் பெரிய தண்டனை. பசி குறைகிறது, தூக்கம் இல்லை, காரணமில்லாமல் அழுகிறார் என்றால், 'ஊர் ஏக்கம்' என்று ஒதுக்காமல் பேசுங்கள். வாரம் ஒருமுறையாவது கோயில், பூங்கா, கடை என்று வெளியே கூட்டிக்கொண்டு போங்கள்.

ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், எந்த நாட்டுக்குப் போய் எப்போது வந்தீர்கள் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்

"நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டால், "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்பதுதான் பதிலாக வரும். காய்ச்சலில் படுத்திருந்தாலும் அதே பதில்தான். பெரியம்மாவிடம் அக்கா தினமும் அப்படித்தான் கேட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டே நான்கு மாதம் அவருக்கு உண்மை தெரியவில்லை.

அதனால், வேறு மாதிரி கேளுங்கள். "இன்னும் எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கு?" எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். நாள் கணக்கோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். மாத்திரை குறைவாக இருந்தால் வாங்க ஏற்பாடு செய்யலாம். அதிகமாக இருந்தால், உட்கார்ந்து பேச வேண்டும்.

பெரியம்மா இந்த வருடம் மறுபடியும் கிளம்புகிறார். பேத்திக்கு நடை வந்துவிட்டதாம். கூடத்தில் அதே இரண்டு சூட்கேஸ்கள். இந்த முறை வசம்பும் மையும் இல்லை. கைப்பையில் மூன்று மாத மாத்திரை அட்டையோடு இருக்கிறது. டாக்டரின் கடிதம் பிளாஸ்டிக் உறையில். போய் இறங்கும் வாரத்தில் பார்க்க வேண்டிய டாக்டரிடம் அக்கா ஏற்கெனவே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டார். பாலிசியை மூன்று வாரங்களுக்கு முன்பே எடுத்தேன். 'ஏற்கெனவே ஏதாவது நோய் உள்ளதா?' என்ற கேள்விக்கு இந்த முறை 'ஆம்' என்று தொட்டேன்.

பிரீமியத்தைப் பார்த்துவிட்டு, "இவ்ளோவா? எனக்குப் போயி எதுக்கு தம்பி?" என்றார் பெரியம்மா.

"உங்களுக்குத்தான் பெரியம்மா" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, முறுக்கில் அரை கிலோவைக் குறைத்துவிட்டு, பிபி பார்க்கும் மெஷினை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.